சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

என் அக்கா நியூ ஜெர்சியில் இருக்கிறாள், நான் சிங்கப்பூரில். அவள் இங்கே வரும்போதும் திரும்பிப் போகும்போதும் அந்த விமானம் எங்கே பறக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டே இருப்பேன். போன முறை வந்தபோது அது அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பாவுக்கு மேலே பறந்து, துருக்கிப் பக்கமாக இறங்கி, வங்காள விரிகுடா வழியாக இங்கே வந்தது. திரும்பிப் போனபோது வந்த வழியே போகும் என்று நினைத்தேன். போகவில்லை. பிலிப்பைன்ஸைத் தாண்டி, ஜப்பானுக்குக் கிழக்கே ஏறி, பசிபிக்கைக் கடந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. வந்ததும் கிழக்கு நோக்கி, போனதும் கிழக்கு நோக்கி. ஒரு போக்குவரத்தில் உலகையே ஒரு சுற்று சுற்றிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் இந்தப் பாதையைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இன்று உலகில் பயணிகளோடு எங்கும் நிற்காமல் பறக்கும் வழக்கமான விமானப் பாதைகளில் மிக நீளமானது இதுதான். சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வரை 15,349 கிலோமீட்டர். பக்கத்தில் நியூ ஜெர்சியில் இருக்கும் நியூவர்க் விமான நிலையம் வரை 15,344. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-இல் நியூவர்க் சேவையை மறுபடி தொடங்கியபோது தன் அறிவிப்பில் சொன்ன தூரம் ஏறக்குறைய 16,700 கிலோமீட்டர். நடுவே 1,350 கிலோமீட்டர் வித்தியாசம். சென்னையிலிருந்து மும்பைக்குப் பறக்கிற தூரத்தைவிட அதிகம்.

இரண்டு எண்ணில் எது சரி? இரண்டும் சரிதான். ஒன்று பூமியை அளந்து வந்தது, மற்றது பறந்து வந்தது.

நூல் காட்டும் வழி

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சிங்கப்பூரில் ஒரு முனையையும் நியூயார்க்கில் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். தட்டையான படத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நூல் பசிபிக் மேலேயோ அட்லாண்டிக் மேலேயோ கிடக்க வேண்டும் என்று தோன்றும். நூல் நேராக வடக்கே ஏறும். தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனாவின் மேற்குப் பாதி, மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, அப்புறம் ஆர்க்டிக் பெருங்கடல். வட துருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் ஒட்டிப் போய், மறுபக்கம் கனடாவின் பனித் தீவுகளில் இறங்கி, கியூபெக் வழியாக நியூயார்க் வந்து சேரும்.

காரணம் எளிது. சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, நியூயார்க் 74 டிகிரி மேற்கில். கூட்டினால் 178. இன்னும் இரண்டு டிகிரி சேர்ந்தால் பாதி உலகம். அதாவது இரண்டு ஊரும் பூமியின் எதிரெதிர் முதுகில் இருக்கின்றன. அப்படி இருக்கிற இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி எப்போதும் துருவத்தை ஒட்டித்தான் போகும். சிங்கப்பூரில் நின்றுகொண்டு "நியூயார்க் எந்தத் திசை?" என்று யாராவது கேட்டால், வடக்கே கை காட்ட வேண்டும்.

கென்னடிக்கும் நியூவர்க்குக்கும் நடுவே ஒரு பெருநகரமே கிடக்கிறது, 30 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் சிங்கப்பூரிலிருந்து அளந்தால் 5 கிலோமீட்டர்தான் வித்தியாசம். நூல் வடக்கிலிருந்து இறங்குகிறது. இந்த இரண்டு விமான நிலையங்களும் கிழக்கு மேற்காகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நீளம்.

ஊர்ப் பெயர் கொடுத்தால் தூரம் சொல்லும் கணிப்பான்கள் தருவது இந்த நூலின் நீளத்தைத்தான். பிறகு சராசரி வேகம் ஒன்றை எடுத்து வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்து, "பயண நேரம்" என்று போட்டுவிடுகின்றன. குறைந்த தூரத்துக்கு அது பெரிய தவறாகாது. சென்னை–மதுரைக்கு ஐந்து பத்து நிமிடம் பிசகும், அவ்வளவுதான். 15,000 கிலோமீட்டருக்கு அந்தக் கணக்கு நிற்காது. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வயதான அம்மா அப்பாவை அனுப்புகிறவர்கள், நடுவில் விமானம் மாறுகிறவர்கள், மாத்திரை நேரம் கணக்குப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்த எண்ணைத்தான் நம்புகிறார்கள்.

காற்றின் கணக்கு

காவிரியில் பரிசலில் போனவர்களுக்கு இது உடனே புரியும். துடுப்புப் போடுகிற வேகம் ஒன்றுதான். ஆற்றோடு போனால் ஒரு நேரம், ஆற்றை எதிர்த்தால் வேறு நேரம். விமானத்துக்குக் காற்றுதான் ஆறு.

தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று உலகைச் சுற்றி ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். வெப்ப மண்டலத்துச் சூட்டுக்கும் துருவத்துக் குளிருக்கும் உள்ள வித்தியாசமும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து உண்டாக்குவது. 1920-களில் ஜப்பானின் தடேனோ வானிலை ஆய்வகத்தில் வாசபுரோ ஓயிஷி என்பவர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926-இல் அதை எஸ்பெராந்தோவில், எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழியில், வெளியிட்டார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானை நோக்கிப் போன அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறியபோதுதான் வெளியுலகத்துக்கு உறைத்தது. இத்தனை உழைத்த ஒரு மனிதரின் கண்டுபிடிப்பு அவ்வளவு காலம் படிக்க ஆளில்லாமல் கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஜப்பானுக்கு மேலேயும் அதன் கிழக்கேயும் இந்தக் காற்று குளிர்காலத்தில் மிக வலுவாக வீசும். மணிக்கு 200 கிலோமீட்டர் சாதாரணம், 300-ஐத் தாண்டுவதும் உண்டு.

இதை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் விஷயம் விளங்கும். இந்தப் பாதையில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 ஒலியின் வேகத்தில் 85 சதவீதம் பறக்கும். அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர். காற்றே இல்லாத ஒரு நாளில் துருவ வழியாக 15,349 கிலோமீட்டரைக் கடக்க 17 மணி நேரம் ஆகும்.

இப்போது டோக்கியோ வானத்தின் வழியாகப் போவோம். சிங்கப்பூரிலிருந்து டோக்கியோ, அங்கிருந்து நியூயார்க், இரண்டையும் கூட்டினால் சுமார் 16,200 கிலோமீட்டர். நூலைவிட 850 கிலோமீட்டர் அதிகம். ஆனால் வழி நெடுக சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தாலே போதும், 17 மணி நேரத்தில் போய்விடலாம். சராசரி 100 கிலோமீட்டர் கிடைத்தால் 16 மணி 10 நிமிடம். நீளமான வழியில் போய் ஐம்பது நிமிடம் முன்னால் சேர்ந்தாயிற்று. எரிபொருளும் மிச்சம்.

அதே வழியில் அதே காற்றை எதிர்த்துத் திரும்பி வந்தால்? 20 மணி நேரத்துக்கு மேல். போக 16, வர 20, ஒரே பாதை, ஒரே விமானம். அதனால்தான் அக்காவின் விமானம் வந்த வழியே திரும்பவில்லை. நியூயார்க்கிலிருந்து வரும்போது அட்லாண்டிக் மேலே வீசும் ஜெட் ஸ்ட்ரீமைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பா வழியாக வருகிறது. இஸ்தான்புல் பக்கமாக வந்தால் அது சுமார் 16,700 கிலோமீட்டர். காற்று சாதகமில்லாத நாளில் துருவப் பக்கம் ஏறிப் போனதும் உண்டு. லண்டனிலும் வாஷிங்டனிலும் உள்ள உலக வானிலை முன்னறிவிப்பு மையங்கள் மேல்காற்று எப்படி இருக்கும் என்று உலகத்துக்கே கணித்துக் கொடுக்கின்றன. அதை வைத்து ஒவ்வொரு நாளும் பல வழிகளைக் கணக்கிட்டு, அன்றைக்கு எது சிக்கனமோ அதைத் தேர்ந்தெடுத்துப் பைலட் கையில் கொடுக்கிறார்கள். நேற்றுப் போன வழியில் இன்று போகும் என்று சொல்ல முடியாது. நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்குப் போன கப்பல்கள் காற்று திரும்பக் காத்திருந்துதான் பாய் விரித்தன. இவர்கள் காத்திருப்பதில்லை, காற்று இருக்கிற பக்கம் போகிறார்கள்.

கடிகாரம்

2018 அக்டோபர் 11 அன்று இரவு 11.37-க்குச் சாங்கியிலிருந்து முதல் விமானம் கிளம்பியது. மறுநாள் அதிகாலை 5.29-க்கு நியூவர்க்கில் இருந்தது. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் 5 மணி 52 நிமிடம். உண்மையில் 17 மணி 52 நிமிடம். சரியாக 12 மணி நேரம் மறைந்திருக்கிறது.

அமெரிக்காவில் கோடைகால நேரம் நடக்கும் மாதங்களில் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் சரியாக 12 மணி நேரம். முள் வைத்த கைக்கடிகாரம் கட்டியவர் அதைத் திருப்பவே வேண்டாம், அங்கேயும் அது சரியான நேரத்தையே காட்டும். நவம்பரில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் வித்தியாசம் 13 ஆகிவிடும். சிங்கப்பூர் கடிகாரத்தை மாற்றுவதில்லை. குளிர்காலத்தில் டிக்கெட்டைப் பார்த்து நேரம் கணக்கிடுகிறவர்கள் இந்த ஒரு மணியைத் தவற விடுகிறார்கள், எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்திருக்கிறது.

அந்த முதல் பயணத்துக்கு அட்டவணையில் ஒதுக்கியது 18 மணி 25 நிமிடம். அரை மணி நேரம் முன்னாலேயே சேர்ந்துவிட்டது. திரும்பும் பயணத்துக்கு ஒதுக்கியது 18 மணி 45 நிமிடம். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. கேட்டை விட்டு விமானம் நகர்வதிலிருந்து மறுமுனையில் கேட்டில் வந்து நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் நிற்பது, மோசமான காற்றுக்கு என்று கொஞ்சம் இடம் விடுவது, எல்லாம் சேர்த்துத்தான் அந்த எண். அதனால் "சீக்கிரம் வந்துவிட்டது" என்று கேள்விப்பட்டால் விமானம் வேகமாகப் பறந்தது என்று அர்த்தமில்லை. அன்றைக்குக் காற்று நன்றாக இருந்தது.

ஐந்து வருடம் ஏன் நின்றது?

இந்தப் பாதை புதிதல்ல. 2004 ஜூன் 28 அன்றே சிங்கப்பூர்–நியூவர்க் நேரடிச் சேவை தொடங்கிவிட்டது. பறந்தது ஏர்பஸ் ஏ340-500, நான்கு எஞ்சின். தூரம் அதற்குப் பிரச்சினையாக இருக்கவில்லை, எரிபொருள்தான் பிரச்சினை. 2008-இல் இருக்கைகளைக் குறைத்து, 100 பிசினஸ் கிளாஸ் இருக்கைகள் மட்டும் என்று மாற்றிப் பார்த்தார்கள். அந்த வருடம்தான் கச்சா எண்ணெய் விலை உச்சத்துக்குப் போனது. 2013 நவம்பரில் சேவை நின்றது.

மறுபடி தொடங்க 2018 வரை ஆனதற்குக் காரணம் விமானம்தான். மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ஏ350-900யூஎல்ஆர் என்ற வகையில் இரண்டே எஞ்சின். 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், வழக்கமான ஏ350-900-ஐவிட 24,000 லிட்டர் அதிகம். எடை போட்டால் அந்த எரிபொருள் மட்டும் ஏறக்குறைய 130 டன் வரும். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன். கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள். முதல் சில மணி நேரம் விமானம் எரிப்பதில் ஒரு நல்ல பங்கு, மீதி வழிக்கான எரிபொருளைச் சுமப்பதற்கே போகிறது. எடை குறையக் குறைய விமானம் படிப்படியாக உயரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பயணிகள் உறங்கிக்கொண்டிருக்கும்போது நடப்பதால் பெரும்பாலும் தெரியாது.

அவ்வளவு எரிபொருளை ஏற்றினால் ஆளைக் குறைக்க வேண்டும். மொத்தம் 161 இருக்கைகள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பு இல்லவே இல்லை. தூரத்தின் விலை இங்கேதான் பயணியின் கைக்கு வருகிறது. ஒரு குடும்பமாகப் போகிறவர்களுக்கு இது கட்டுபடியாகாது, என் அக்காவும் கம்பெனி அனுப்பினால்தான் இதில் வருகிறாள். முதல் விமானத்தில் 4 பைலட்டுகள், 13 பணிப்பெண்களும் பணியாளர்களும். பைலட்டுகள் மாறி மாறி உறங்கி எழுந்து ஓட்டுகிறார்கள்.

2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கும் நேரடிச் சேவை வந்தது, அந்த 5 கிலோமீட்டர் வித்தியாசத்தில் அதுவே உலகின் நீளமான பாதை ஆயிற்று.

நின்று போனால்

பிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானமும் இருக்கிறது. இதை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே ஆச்சரியம். சிங்கப்பூர்–பிராங்க்ஃபர்ட் சுமார் 10,270 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் 6,200. மொத்தம் 16,470. நேரடி விமானம் நிஜமாகப் பறக்கிற தூரமும் கிட்டத்தட்ட இதேதான்! ஆனால் நேரம் ஏறக்குறைய 24 மணி. பிராங்க்ஃபர்ட்டில் நிற்பது இரண்டு மணி நேரம் சொச்சம்தானே, மீதி எங்கே போயிற்று? இரண்டு கட்டமும் மேற்கு நோக்கி. போகிற வழியெல்லாம் எதிர்காற்று. ஆக, இரண்டு முறை ஏறி இறங்குவதும் நடுவில் நிற்பதும் மட்டும் தாமதத்துக்குக் காரணம் இல்லை, மேற்கே போவதற்கும் சேர்த்துத்தான் அந்த நேரத்தைக் கொடுக்கிறோம்.

நூல் வழியில் ஏன் தினமும் போவதில்லை?

காற்று ஒரு காரணம். இன்னும் சில உண்டு.

துருவத்துக்கு மேலே வெளிக்காற்று மைனஸ் 60 டிகிரிக்குக் கீழே போகும். பல மணி நேரம் அதில் பறந்தால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் மெல்ல மெல்லக் குளிரும். சிங்கப்பூரில் நிரப்பும் ஜெட் ஏ-1 வகை உறைவது மைனஸ் 47-இல். அமெரிக்காவில் பொதுவாக நிரப்பும் ஜெட் ஏ வகை மைனஸ் 40-லேயே உறையத் தொடங்கும். ஆகவே நியூயார்க்கிலிருந்து துருவ வழியாகக் கிளம்புகிற விமானத்துக்கு ஏழு டிகிரி தாராளம் குறைவு. எரிபொருள் ரொம்பக் குளிர்ந்தால் பைலட் கீழே இறங்கி வெதுவெதுப்பான காற்றைத் தேட வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும்.

அப்புறம் தொடர்பு. பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 82 டிகிரி அட்சரேகைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது, பூமியின் வளைவு மறைத்துவிடும். அங்கே பழைய உயர் அலைவரிசை வானொலியை நம்ப வேண்டியிருக்கும். சூரியப் புயல் வந்தால் அதுவும் கரகரத்துப் போகும். அப்படிப்பட்ட நாட்களில் விமானங்கள் தெற்கே விலகிப் பறக்கின்றன. ஒரு எஞ்சின் நின்றால் மற்றதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் போய் இறங்க ஒரு விமான நிலையம் வேண்டும் என்பதும் விதி. ஆர்க்டிக்கில் அப்படிப்பட்ட இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை.

எல்லாவற்றுக்கும் மேலே, வானத்துக்கும் எல்லை இருக்கிறது. நூல் போகும் வழியில் சீனா, மங்கோலியா, ரஷ்யா, கனடா என்று ஒவ்வொரு நாடும் அனுமதிக்க வேண்டும். ஒரு வானம் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஹெல்சிங்கி–டோக்கியோ பாதையைப் பார்க்கலாம். 2022 பிப்ரவரிக் கடைசியில் ரஷ்ய வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த பின்லாந்து விமானம் 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. ஊர்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. கணிப்பானில் போட்டால் இன்றும் அதே பழைய தூரம்தான் வரும்.

அக்காவுக்கு நான் சொல்வது

"எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று அம்மா கேட்டால் நாங்கள் இப்போது "பதினெட்டு, பதினெட்டரை" என்று சொல்கிறோம், அட்டவணையில் இருப்பதைத்தான். ஆனால் விமான நிலையத்துக்குக் கூப்பிடப் போகிற நாளில் அட்டவணையைப் பார்ப்பதில்லை. விமானம் கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன். அதற்குள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நியூயார்க்கிலிருந்து கிளம்பியது கனடாவுக்கு மேலே வடக்கே ஏறிக்கொண்டிருந்தால் அன்றைக்குத் துருவ வழி, அட்லாண்டிக் பக்கம் திரும்பியிருந்தால் ஐரோப்பா வழி. அதற்கப்புறம் அதுவே காட்டும் இறங்கும் நேரம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பிசகுவதில்லை.

போன முறை அட்லாண்டிக் வழியாக வந்து, பத்து நாள் இருந்து, பசிபிக் வழியாகப் போனாள் இல்லையா? நியூ ஜெர்சியில் வீட்டிலேயே இருந்த அவள் பிள்ளைகள் அந்த நாட்களில் எத்தனை சூரிய உதயம் பார்த்தார்களோ, அதைவிட ஒன்று அதிகமாக அவள் பார்த்திருப்பாள். கிழக்கு நோக்கியே போய் உலகைச் சுற்றி வருகிறவர்களுக்கு அந்த ஒன்று கூடுதலாகக் கிடைக்கும், நடுப் பசிபிக்கில் தேதிக் கோட்டைத் தாண்டும்போது காலண்டர் அதைக் கழித்துக்கொள்ளும். இதைச் சொன்னபோது, கழித்துக்கொண்ட அந்த உதயத்தின்போது தான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.